புரட்டாசிக்குள் வராத பணம்

திருவான்மியூர் பறக்கும் ரயில் நிலையத்தை ஒட்டிக் கிடக்கிறது பக்கிங்காம் கால்வாய். தினமும் ஆயிரக்கணக்கானோர் மூக்கைப் பொத்திக்கொண்டு அதைக் கடக்கிறோம். இந்தக் கால்வாயில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் ஏறத்தாழ எட்டு கிலோமீட்டர் துண்டு, 1877-78இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. தாது வருஷப் பஞ்சத்தில் விளைச்சல் போய், ஊரை விட்டுச் சென்னைக்கு நடந்து வந்தவர்களின் உழைப்பு அது. அன்றைய ஆளுநரான பக்கிங்காம் கோமகனின் பெயர் கால்வாய்க்கு நிலைத்தது. வெட்டியவர்களின் பெயர் எங்கும் இல்லை. பஞ்ச நிர்வாகத்தைச் சிக்கனப்படுத்த அனுப்பப்பட்ட ரிச்சர்ட் டெம்பிள், 1877 தொடக்கத்தில் நிவாரணக் கூலியை நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவுமாகக் குறைத்தார். மண் சுமக்கிற உடம்புக்கு 450 கிராம் தானியம்!

அந்தக் கொடுமைக்கும் இன்றைக்கும் நெடுந்தூரம். 1880இல் பஞ்ச ஆணையம், அதன்பின் பஞ்ச விதித்தொகுப்பு, சுதந்திரம், ரேஷன் கடை, நூறு நாள் வேலை எல்லாம் வந்துவிட்டன. வறட்சியால் தமிழ்நாட்டில் இன்று கூட்டம் கூட்டமாக யாரும் பட்டினி கிடப்பதில்லை. ஆனால், அந்தக் காலத்து நிர்வாகத்தின் ஒரு பழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. பயிர் போகட்டும், போனதை அதிகாரிகள் வந்து பார்க்கட்டும், கணக்கு எழுதட்டும், பிறகு கொடுப்போம் என்பதே அது. மானாவாரி விவசாயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொல்வது மழைக்குறைவைவிட இந்தப் பழக்கம்தான் என்பது என் கட்சி.

தமிழ்நாட்டில் வானம் பார்த்த வயல் என்றால் முதலில் நினைவுக்கு வர வேண்டியது தூத்துக்குடி, விருதுநகர் மாவட்டங்களின் கரிசல். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், அருப்புக்கோட்டை என்று மரம் அதிகம் இல்லாத, அடிவானம் வரை கறுத்துக் கிடக்கும் சமவெளி. இங்கே மேட்டூர் திறப்பும் இல்லை, காவிரி ஆணையமும் இல்லை. இலவச மின்சாரம் பெரிய உதவிதான். ஆனால் கிணற்றில் நீர் இருந்தால்தானே மோட்டாருக்கு வேலை? கோடை மழையில் ஓர் உழவு, ஆடி ஆவணியில் இன்னொன்று, புரட்டாசியில் விதைப்பு. ஐப்பசி கார்த்திகை மழையைக் குடித்து, மார்கழிப் பனியில் தேறி, தை மாசியில் வீடு வர வேண்டும். ஆண்டுக்கு ஒரே வெள்ளாமை. அது போனால் அடுத்த புரட்டாசி வரை கையில் ஒன்றும் இல்லை.

இந்த நாட்காட்டியை மனதில் வைத்துக்கொண்டால்தான் மற்றதெல்லாம் விளங்கும். டிராக்டர் வாடகை, விதை, அடியுரம், விதைப்புக் கூலி என்று செலவின் கனமான பாதி, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பே கையை விட்டுப் போய்விடுகிறது. மழை வருமா என்பது தெரியாத நிலையில் போடுகிற பணம் அது. பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய கடன், அல்லது வங்கியில் வைத்த நகை, இரண்டும் இல்லாதவருக்கு மண்டிக்காரரின் முன்பணம். மண்டியில் வாங்கினால் விளைச்சலும் அந்த மண்டிக்கே, அவர் சொல்கிற விலைக்கே.

முன்பு இந்தச் செலவு சிறியதாக இருந்தது. சொந்த விதை, ஆட்டுக்கிடை போட்ட எரு, கண்மாய் வண்டல், வீட்டு மாடு. கம்பு, சோளம், கருங்கண்ணிப் பருத்தி, இடையிடையே உளுந்தும் துவரையும் பாசியும் கலந்து விதைப்பார்கள். ஒன்று போனால் இன்னொன்று நிற்கும். பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். அந்தக் காலத்தில் விளைச்சலும் குறைவு, வறுமையும் கொடியது. ஆனால் மழை பொய்த்தால் போகிற பணம் குறைவு. இன்று விதை பாக்கெட்டில் வருகிறது, உரம் மூட்டையில் வருகிறது, உழவு மணிக்கணக்கில் வருகிறது. நட்டத்தின் அளவு விளைச்சலோடு சேர்ந்து வளர்ந்துவிட்டது.

கரிசலில் மக்காச்சோளம் பரவியதைப் பற்றிச் சென்னையில் பேசுகிறவர்கள், வறண்ட நிலத்தில் அதை ஏன் போட வேண்டும் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விபோல் தோன்றும். சோளமும் கம்பும் போட்டால் குருவி விரட்ட ஆள் வேண்டும். பருத்தி போட்டால் எடுக்க ஆள் வேண்டும். ஒரே தடவையில் எடுத்து முடிகிற காரியமும் அல்ல அது. மக்காச்சோளத்தை இயந்திரம் அடித்துத் தருகிறது, லாரி காட்டு ஓரத்துக்கே வருகிறது, நாமக்கல் கோழிப்பண்ணைக்குத் தீவனம் எந்நாளும் வேண்டும். திருவான்மியூரில் காலையில் நாம் உடைத்துப் போடும் ஆம்லெட்டுக்குப் பின்னால் இருப்பது அந்த மக்காச்சோளம். ஆள் பற்றாக்குறைக்கு விவசாயி தானே கண்ட விடை அது. அவரைக் குறை சொல்வதற்கு முன்னால், ஆள் குறைவாகத் தேவைப்பட்டு, நீரும் குறைவாகத் தேவைப்பட்டு, வாங்க ஆளும் இருக்கிற வேறொரு பயிரை நாம் காட்டியிருக்க வேண்டும்.

அந்த மக்காச்சோளத்தில்தான் 2018இல் படைப்புழு இறங்கியது. அமெரிக்கக் கண்டத்துப் பூச்சி. 2016இல் ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்தது, 2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்கா பகுதியில் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது, அந்தப் பருவம் முடிவதற்குள் தமிழ்நாட்டு மக்காச்சோளத்தைத் தின்றது. தாய் அந்துப்பூச்சி ஆயிரத்துக்கும் மேல் முட்டையிடும். காற்று வாக்கில் ஒரே இரவில் நூறு கிலோமீட்டர் பறக்கும். புழு குருத்துக்குள் புகுந்து, தன் எச்சத்தாலேயே மேலே அடைத்துக்கொண்டு உள்ளே பத்திரமாக இருக்கும். மேலே அடிக்கிற மருந்து அதைத் தொடாது. என்ன செய்வதென்று தெரியாமல், குருத்தில் மண்ணையும் சாம்பலையும் போட்டுப் பார்த்தவர்கள் உண்டு. கடைக்காரர் சொன்ன மருந்தையெல்லாம் கலந்து அடித்தவர்களும் உண்டு.

இப்போது வழிமுறை இருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தந்திருக்கும் பரிந்துரை நல்ல பரிந்துரை: கடைசி உழவில் வேப்பம் புண்ணாக்கு, விதை நேர்த்தி, வரப்போரம் தட்டைப்பயறு, எள், சூரியகாந்தி, இனக்கவர்ச்சிப் பொறி, தொடக்கத்திலேயே மருந்து, நடுவில் மெட்டாரைசியம் பூஞ்சணம். எல்லாம் சரி. ஆனால் இவற்றில் முதல் மூன்றும் விதைப்புக்கு முன்னும் விதைப்போடும் செய்ய வேண்டியவை. மறுபடியும் அதே புரட்டாசி, அதே முன்பணம்.

அதோடு ஒரு பெரிய கேள்வி இருக்கிறது. நூறு கிலோமீட்டர் பறக்கிற பூச்சியை மூன்று ஏக்கர்க்காரர் தன் மூன்று ஏக்கரில் நின்று எப்படித் தடுப்பார்? அவர் அடித்தால் பக்கத்துக் காட்டிலிருந்து வரும். பாலைவன வெட்டுக்கிளிக்கு இந்தியாவில் 1939 முதல் வெட்டுக்கிளி எச்சரிக்கை அமைப்பு என்றே தனி அரசு நிறுவனம் இருக்கிறது. 2019-20இல் ராஜஸ்தானுக்குள் வெட்டுக்கிளி வந்தபோது அரசே வண்டியும் ட்ரோனும் மருந்துமாக இறங்கியது. அதை எல்லைப் பிரச்சினைபோலப் பார்த்தார்கள். படைப்புழு வந்தபோது நிவாரணம் கொடுத்தார்கள். அடுத்த பருவத்தில் அரசு செலவில் கூட்டாக மருந்து தெளிக்கும் முயற்சியும் நடந்தது. நல்ல தொடக்கம். ஆனால் ஆண்டுதோறும் புரட்டாசிக்கு முன் தயாராக நிற்கும் ஓர் அமைப்பாக அது வளரவில்லை.

முடியாத காரியம் ஒன்றும் இல்லை. 2008இல் கோவைப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி வந்து மல்பெரி, மரவள்ளி, பப்பாளி என்று வெள்ளை பூசியதைப் பலர் மறந்திருப்பார்கள். அதன் இயற்கை எதிரியான ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவியை பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்து 2010இல் விட்டார்கள். சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கியது. விவசாயிக்கு ஒரு காசு செலவில்லை, ஒரு சொட்டு மருந்தில்லை. மரவள்ளியில் இன்னொரு மாவுப்பூச்சி 2020இல் வந்தபோதும் இதே வழியில், பெனினிலிருந்து குளவி வந்தது. பூச்சியைப் பொது எதிரியாக நினைத்தால் நம் விஞ்ஞானிகளால் என்ன செய்ய முடியும் என்பதற்கு இவையே சாட்சி. படைப்புழுவின் முட்டையில் வாழும் ஒட்டுண்ணிகளும் இங்கே இருக்கின்றன. அவற்றை வட்டாரத்துக்கு வட்டாரம் பெருக்கி, விதைத்த இரண்டாம் வாரத்தில் ஊர் முழுக்க விடுவதற்கு ஆகிற செலவு, பிறகு கொடுக்கிற நிவாரணத்தில் சிறு பங்குதான் இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

மருந்து விலையிலும் ஒரு கதை உண்டு. புழுவுக்கு நன்றாகக் கேட்கும் குளோரான்ட்ரானிலிப்ரோல் மருந்தின் காப்புரிமை 2022 ஆகஸ்ட்டில்தான் இந்தியாவில் முடிந்தது. அதன்பிறகே உள்நாட்டு நிறுவனங்களின் போட்டித் தயாரிப்பு கடைக்கு வந்தது. உரம்? யூரியா 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசில் அரசு மானியத்தால் நிற்கிறது. டிஏபி 1,200இலிருந்து 1,350 ஆனது. பொட்டாஷ் முழுக்க இறக்குமதி. உக்ரைன் போரும் பெலாரஸ் மீதான தடையும் வந்த 2022இல் மூட்டை 1,700 ரூபாயைத் தொட்டது. விலை கட்டுக்குள் இருக்கிற டிஏபியோ தேவைப்படும் வாரத்தில் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் வேண்டாத ஒரு டப்பாவைச் சேர்த்து வாங்கச் சொல்வார்கள். ஐரோப்பாவில் குண்டு விழுந்தால் விளாத்திகுளத்தில் உரம் ஏறும். சிகாகோவில் மக்காச்சோளம் இறங்கினால் விளாத்திகுளத்திலும் இறங்கும். ஏறுவதும் இறங்குவதும் ஒரே ஆள் தலையில்.

இனி வறட்சிக்கு வருவோம். 2016இல் வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு பொய்த்தது. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டில் அப்படி ஒரு பருவம் இல்லை. 2017 ஜனவரி 10 அன்று எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என அறிவிக்கப்பட்டன. மாநிலம் கேட்டது 39,565 கோடி ரூபாய், மத்திய அரசு பேரிடர் நிதியிலிருந்து தந்தது 1,748 கோடி. மானாவாரிப் பயிருக்கு ஏக்கருக்கு 3,000 ரூபாய் என்று பிரித்துக் கொடுத்தார்கள். டெல்லி ஜந்தர் மந்தரில் அய்யாக்கண்ணு தலைமையில் மண்டையோடுகளோடு விவசாயிகள் உட்கார்ந்ததும் அந்த ஆண்டுதான்.

அதற்குப் பிறகு விதிகள் திருந்தியிருக்கின்றன. இப்போதைய பேரிடர் நிவாரண விதிப்படி, மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பயிர் போனால் மானாவாரி நிலத்துக்கு ஹெக்டேருக்கு 8,500 ரூபாய், அதிகபட்சம் இரண்டு ஹெக்டேருக்கு. ஏக்கர் கணக்கில் சுமார் 3,440. அதில் ஒரு மூட்டை டிஏபி வாங்கினால் மிச்சம் இரண்டாயிரத்துச் சொச்சம். உழவு, விதை, மருந்து, கூலி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். சரி, நிவாரணம் என்பது இழப்பீடு அல்ல, உயிர் தரிக்கக் கொடுப்பது என்று அதிகாரிகள் சொல்வார்கள். அப்படியானால் இழப்பீடு எங்கே? பயிர்க் காப்பீட்டில் என்பார்கள்.

2016இல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் தாளில் நேர்த்தியானது. உணவுப் பயிருக்கு விவசாயி கட்டுவது காரிப் பருவத்தில் 2 விழுக்காடு, ராபியில் ஒன்றரை. மீதியை அரசுகள் கட்டும். இழப்பைத் தனி வயலில் அளப்பதில்லை. அறிவிக்கப்பட்ட கிராமத்தில் அல்லது பிர்காவில் பயிர் அறுவடைச் சோதனை நடத்தி, அந்தப் பகுதியின் சராசரியை உத்தரவாத விளைச்சலோடு ஒப்பிடுவார்கள். அந்த உத்தரவாத விளைச்சல், கடந்த ஏழு ஆண்டுகளில் நல்ல ஐந்து ஆண்டுகளின் சராசரியிலிருந்து கணக்கிடப்படுவது. இங்கேதான் கரிசலுக்கு இடி. ஏழில் இரண்டு ஆண்டுகள் மட்டுமே மோசமாக இருக்கும் என்று நினைத்தவர்கள் எழுதிய விதி இது. ஏழில் நான்கு ஆண்டுகள் வறட்சி, புழு, வெள்ளம் என்று போகிற நிலத்தில் சராசரியே சரிந்துவிடும். பிறகு எவ்வளவு மோசமாக விளைந்தாலும் 'இழப்பு இல்லை' என்று கணக்கு வரும். வெள்ளம் என்று சும்மா சொல்லவில்லை. 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியபோது, மழைக்கு ஏங்கி விதைத்த தூத்துக்குடிக் கரிசலின் பயிர்களும் தண்ணீரில் நின்று அழுகின.

பணம் வரும் தேதியோ அதைவிடத் துயரம். மாசியில் அறுவடைச் சோதனை, கணக்குத் தாக்கல், மாநில அரசின் பிரீமியப் பங்கு, நிறுவனத்தின் ஆட்சேபம், திருத்தம் என்று இழுத்து, அடுத்த புரட்டாசியையும் தாண்டி வங்கிக்கு வந்த தொகைகள் உண்டு. தாமதித்தால் நிறுவனம் 12 விழுக்காடு சேர்த்துத் தர வேண்டும் என்று விதி வந்திருக்கிறது, வரவேற்கிறேன். ஆனால் மண்டி முன்பணத்தின் வட்டி 12 விழுக்காட்டோடு நிற்பதில்லை. புரட்டாசிக்குள் வந்தால் அந்தப் பணம் விதையாகும். தை மாதம் வந்தால் பழைய கடனுக்குப் போகும். தொகை ஒன்றுதான், பயன் வேறு.

மிருகங்களையும் சொல்ல வேண்டும். தரிசாக விட்ட காட்டில் சீமைக் கருவேல் ஏறுகிறது, கருவேலுக்குள் காட்டுப்பன்றி குடியேறுகிறது, பன்றி பக்கத்துக் காட்டை உழுதுவிட்டுப் போகிறது, அந்தக் காட்டுக்காரரும் அடுத்த ஆண்டு தரிசாக விடுகிறார். காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வருகிற பன்றியை வனத்துறை சுடலாம் என்று 2025இல் மாநில அரசு அனுமதித்தது. வனவிலங்குச் சேதத்தைக் காப்பீட்டில் சேர்ப்பதாக மத்திய அரசு அதே ஆண்டு நவம்பரில் அறிவித்தது. இரண்டும் நல்லவை. கருவேலை வெட்டுவது இரண்டையும்விட முக்கியம். அதில்தான் வேகம் இல்லை.

இதெல்லாம் கரிசலுக்கு மட்டும் நேர்ந்த விதி அல்ல. கனடாவின் சஸ்காட்செவன் புல்வெளிச் சமவெளியிலும் இதே கதைதான். 1930களில் அங்கே வறட்சி, மண் புயல், வெட்டுக்கிளி, விலை வீழ்ச்சி எல்லாம் ஒன்றாக வந்து ஊர்கள் காலியாயின. 1935இல் புல்வெளிப் பண்ணைகளை மீட்பதற்கென்றே தனி நிர்வாகம் அமைத்து, குட்டைகள் வெட்டி, காற்றுத் தடுப்பு மரங்கள் நட்டார்கள். பின்னாளில் உழாமல், அறுத்த தாளை நிலத்திலேயே விட்டு ஈரம் காக்கும் முறைக்கு மாறினார்கள். 2021 வறட்சியில் கனடாவின் கோதுமை விளைச்சல் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தது, வெட்டுக்கிளியும் சேர்ந்துகொண்டது. அங்கேயும் விவசாயிகள் புலம்பினார்கள். ஆனால் அடுத்த வசந்தத்தில் பெரும்பாலோர் விதைத்தார்கள். ஆயிரம் ஏக்கர்க்காரரையும் ஐந்து ஏக்கர்க்காரரையும் ஒப்பிடக் கூடாது என்பது தெரிந்ததே. பணக்கார நாட்டின் கஜானாவும் நம்முடையதும் ஒன்றல்ல. பார்க்க வேண்டியது, அங்கே அடுத்த விதைப்பை மையமாக வைத்து ஏற்பாடு செய்கிறார்கள் என்பதை.

அந்தச் சஸ்காட்செவன் விவசாயி நமக்கு அந்நியரும் அல்லர். நம் ரேஷன் கடையில் துவரம்பருப்புக்கு மாற்றாக வந்த 'கனடா பருப்பு' அவர் விளைவித்தது. நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் டெண்டரில் அதற்கு இடம் இருந்தது. இட்லிக்கு அரைக்கிற உளுந்திலும் கணிசமான பங்கு மியான்மரிலிருந்து வருகிறது. 2021 முதல் இறக்குமதிக்குக் கதவு திறந்தே இருக்கிறது. எங்கள் தெருவில் மாவு பாக்கெட் ஐந்து ரூபாய் ஏறினால் வாட்ஸ்அப் குழு கொதிக்கும். அந்தக் கொதிப்பு டெல்லிக்குக் கேட்கிறது, கப்பல் வருகிறது. கரிசலில் உளுந்து மஞ்சள் தேமலில் போனால் அது எந்தக் குழுவிலும் வருவதில்லை. அடையாறு, திருவான்மியூர்ப் பகுதி இயற்கை அங்காடிகளில் கம்பும் வரகும் வாங்குகிற நண்பர்களை நான் மதிக்கிறேன், நானும் வாங்குகிறேன். ஆனால் சில நூறு குடும்பங்களின் நல்லெண்ணம் ஒரு வட்டாரத்தின் வெள்ளாமையைத் தாங்காது. தாங்கக்கூடிய வாடிக்கையாளர் ஒருவர்தான் இருக்கிறார்: மாநில அரசு.

குறைந்தபட்ச ஆதரவு விலை இருக்கிறதே என்பீர்கள். 2025-26க்கு மக்காச்சோளம் குவிண்டால் 2,400, உளுந்து 7,800. மக்காச்சோளத்தின் உற்பத்திச் செலவு 1,508 என்று கணக்கிட்டு, ஒன்றரை மடங்குக்கும் மேல் கொடுத்துவிட்டதாகச் சொல்கிறார்கள். அந்தக் கணக்கில் சொந்த நிலத்தின் குத்தகை மதிப்பும் சொந்த முதலீட்டின் வட்டியும் கிடையாது. அவற்றையும் சேர்த்த செலவின் மேல்தான் ஐம்பது விழுக்காடு என்று கேட்டுவருகிறார்கள் விவசாயிகள், எங்கள் பக்கத்துத் தரமணியில் ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான விவசாயிகள் ஆணையத்தை மேற்கோள் காட்டி. அது கிடக்கட்டும். தமிழ்நாட்டில் நெல்லுக்கு ஊருக்கு ஊர் கொள்முதல் நிலையம் இருக்கிறது, மக்காச்சோளத்துக்கு அப்படி இல்லை. வாங்க ஆளில்லாத இடத்தில் ஆதரவு விலை வெறும் செய்திக்குறிப்பு.

தருமபுரியிலும் நீலகிரியிலும் 2023 முதல் ரேஷனில் கேழ்வரகு கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். விவசாயிகளிடமே கொள்முதல் செய்கிறார்கள். கரிசலில் உளுந்துக்கும் துவரைக்கும் அதையே செய்யலாம். ஆவணி முடிவதற்குள் விலையையும் வாங்கப்போகும் அளவையும் அறிவித்து, ஒப்புக்கொண்ட விவசாயிக்குக் கூட்டுறவுச் சங்கம் வழியாக விதையையும் அடியுரத்தையும் கொடுத்து, மாசியில் விளைச்சலில் கழித்துக்கொள்ளலாம். மழை பொய்த்தால் அந்த முன்பணம் அரசின் நட்டம். விலை அறிவித்த பிறகு ஒப்பந்தக்காரர்கள் கனடாவிலிருந்து மலிவாகத் தருகிறோம் என்று வருவார்கள், வரத்தான் செய்வார்கள். ரேஷன் பருப்புக்கான அடுத்த டெண்டரில், வாங்கும் அளவில் ஒரு பங்கு தூத்துக்குடி, விருதுநகர், ராமநாதபுரம் மாவட்ட மானாவாரி விவசாயிகளின் உற்பத்தியாளர் நிறுவனங்களிடமிருந்து மட்டுமே என்று ஒரு நிபந்தனை எழுத, நுகர்பொருள் வாணிபக் கழகத்துக்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.